கோப்பைக்கு ஞானத்தகப்பன்

ஜனவரி 17, வெள்ளி

படிவத்தில் இரண்டே கேள்விகள். ஒன்று: உன் பூர்வீகத்தைக் காரணமாக வைத்து, போன வாரம் எத்தனை முறை உன்னை வேறு மாதிரி நடத்தினார்கள்? இரண்டு: போன வாரம் எத்தனை கோப்பை மது குடித்தாய்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு கட்டம்.

மனோதத்துவத் துறையின் ஆராய்ச்சியாம். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற மாணவர்கள் நூறு பேர் மே மாதம் வரை வெள்ளிதோறும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். படிவம் வாங்குகிற வேலை ஸியோமாராவுக்கு. அவள் அப்பா அம்மா ஹோண்டுராஸிலிருந்து வந்தவர்கள். அவள் வாய் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நாம் உறையை ஒட்டித்தான் கொடுக்க வேண்டும், அவள் பிரிக்கக் கூடாது என்பது விதி.

நான் இரண்டு கட்டத்திலும் முட்டை போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

"அதுக்குள்ளயா? ஆமா, ரெண்டு முட்டை போட எவ்வளவு நேரம் ஆகப்போகுது" என்றாள்.

"பிரிச்சுப் பாத்தியா?"

"எதுக்குப்பா பிரிக்கணும்? அதான் மூஞ்சியிலயே தெரியுதே."

அதனால்தான் இந்த நோட்டு. கட்டத்தில் அடங்காததை இங்கே எழுதலாம், யாரும் மூஞ்சியைப் பார்க்க மாட்டார்கள்.

போன சனிக்கிழமை எனக்கு இருபத்தொரு வயது முடிந்தது. சட்டப்படி குடிக்கலாம். (சட்டப்படி இல்லாமல் இரண்டு வருடமாகக் குடிக்கிறேன், அது வேறு கதை.) வகுப்பின் பால வடிவமைப்புக் குழுவில் என்னோடு இருக்கும் டெரெக்கும் மற்ற இருவரும் என்னை மதுக்கடைக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் நின்ற தடியன் அவர்கள் மூன்று பேரையும் தலையசைத்து உள்ளே விட்டான். என் அடையாள அட்டையை மட்டும் வாங்கி விளக்கில் காட்டினான், வளைத்தான், நகத்தால் சுரண்டினான், வீட்டு முகவரியைச் சொல்லச் சொன்னான். என் விடைத்தாளைக்கூட எந்தப் பேராசிரியரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. டெரெக் சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளே போய் ஏழு குடித்தேன்.

ஆக, சரியான விடை ஒன்று, ஏழு. எலிசெயோ பாரியெந்தோஸ் ஆகிய நான் எழுதிய விடை முட்டை, முட்டை. கட்டுமானப் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறவன் போட்ட கணக்கு இது.

ஜனவரி 19

தலை வெடிக்கிறது. அவ்வளவுதான்.

ஜனவரி 26, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். பேருந்தில் இரண்டு மணி நேரம். இறைச்சி ஆலையின் வாடை வந்ததும் கண் விழித்தால் போதும், ஊர் வந்திருக்கும்.

வீட்டில் தலீலாவின் ஆட்சி நடக்கிறது. மே பதினேழு, சனிக்கிழமை அவளுக்குப் பதினைந்து வயது விழா. நம் வீடுகளில் இந்த விழாவைத் தகப்பன் தனியாகச் செய்து முடிக்க முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ பொறுப்பேற்க வேண்டும். செருப்புக்கு அத்தை. கேக்குக்கு அப்பாவோடு வேலை செய்கிறவர். கிரீடத்துக்குப் பக்கத்து வீட்டம்மா. தலீலா கையில் பட்டியலோடு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உனக்குக் கோப்பை."

கோப்பைக்கு ஞானத்தகப்பன் என்றால் கோப்பைகளை வாங்கிக் கொடுத்து, ரிப்பன் கட்டி, விழாவில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து அவளை வாழ்த்திப் பேசிக் குடிக்க வேண்டும். பட்டியலிலேயே பெரிய இடம். நான் கேட்காமலே கொடுத்தாள்.

"நல்லாப் பேசணும். அழ வைக்கணும். ஆனா மேக்கப் கலையக் கூடாது."

அம்மாவின் தம்பி ஃபீலோ மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. கோப்பை தனக்குத்தான் என்று நினைத்திருந்தார். நியாயமாகப் பார்த்தால் அனுபவம் அவருக்குத்தான். வருடா வருடம் தவக்காலத்தில் குவாதலூப்பே மாதா முன்னால் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வார். ஒரு வருடம் சத்திய அட்டையில் "பியர்" என்று மட்டும் எழுதிவிட்டு நாற்பது நாளும் டெகீலா குடித்தார். சத்தியம் முடிகிற அன்று ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று குழுக் கூட்டம். டெரெக் பாலத் திட்டத்துக்கு முதல் பக்கத்தைத் தயாரித்திருந்தான். அவன் பெயருக்கு நேரே "வடிவமைப்பு". மற்ற இருவருக்கு "வரைபடம்", "அறிக்கை". எனக்கு "கள உதவி".

களம் என்று ஒன்றே கிடையாது. ஆற்றங்கரைக்கு ஒரே ஒரு நாள் போனோம், அன்று நால்வரும்தான் போனோம். பாரக் கணக்கு முழுவதையும் போட்டவன் நான்.

"உனக்கு வெளி வேலை எல்லாம் பழக்கமா இருக்கும்ல, அதான் அப்படிப் போட்டேன்" என்றான் டெரெக். கெட்ட எண்ணத்தில் சொன்னான் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டில் உப்பு போடுகிற மாதிரி, யோசிக்காமல் சொன்னான்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். சாயங்காலம் அறைக்கு வந்து ஒன்பது பியர். அறைத்தோழன் தாதேயோ டெக்ஸாஸ் எல்லைக்காரன், எதையும் சும்மா விடுகிறவன் இல்லை.

"மச்சான், உனக்குக் கோபம் வந்தா பியர் கம்பெனிக்காரனுக்கு லாபம்டா."

இன்று படிவத்தில் முதல் கட்டத்துக்கு முட்டை, இரண்டாவதற்கு இரண்டு.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று காலையிலிருந்து இருந்தேன்.

நேற்று மதியம் டெரெக் தன் மாணவர் சங்கம் குடியிருக்கும் வீட்டுக்குக் கூப்பிட்டான். "விருந்து, சாப்பாடு நல்லா இருக்கும், வா." கதவைத் திறந்தால் வைக்கோல் தொப்பி, ஒட்டு மீசை, போர்வை. நாற்பது பேர், எல்லை தாண்டி வந்த நம் ஆட்களைப் போல வேஷம் போட்டிருக்கிறார்கள். ஒருவன் எல்லைக் காவல்காரனின் பச்சைச் சட்டையில், பிளாஸ்டிக் கைவிலங்கோடு. என்னைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம், "அசல் ஆள் வந்துட்டான்டா!" என்று. தொப்பியைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள்.

திரும்பி வந்திருக்கலாம். கதவு எனக்குப் பின்னால்தான் இருந்தது.

முதல் மடக்கு வெட்கத்துக்கு. இரண்டாவது, வெட்கம் வெளியே தெரியக் கூடாது என்பதற்கு. அதற்குப் பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. கைவிலங்கு மாட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு கை பச்சைச் சட்டைக்காரன் தோளில், இன்னொரு கையில் பாட்டில். சிரிக்கிறேன்.

ஏன்டா சிரிச்ச? யாரு கேட்டா உன்ன? அவன் விலங்கு மாட்டுறான், நீ கைய வாகா நீட்டுற — சரியா மாட்டுன்னு கைய நீட்டுற!

பிப்ரவரி 17, திங்கள்

தலீலா கூப்பிட்டாள். படம் ஊர் வரை போய்விட்டது.

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை.

"அந்தப் பச்சைச் சட்டைய எங்கயாவது பாத்தா அம்மா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிடுவா. பேப்பர் எல்லாம் சரியா இருந்தும் போவா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நீ அவன் தோள்ல கை போட்டு நிக்கிற."

"குடிச்சிருந்தேன் தலீலா."

"அதான் தெரியுதே. கிறிஸ்துமஸுக்கும் குடிச்சிருந்த. என் கூட டான்ஸ் பழக வரேன்னு சொன்ன அன்னிக்கும் குடிச்சிருந்த. கோப்பைய ஃபீலோ மாமாவுக்குக் குடுத்துட்டேன். அவரு குடிச்சாப் பாடவாவது செய்வாரு. நீ சும்மா சிரிக்கிற."

வைத்துவிட்டாள்.

அம்மா படத்தைப் பார்த்தாளா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

செய்துவிட்டேன். ஃபீலோ மாமாவைக் கேலி செய்த இந்த வாயாலேயே சத்தியம் செய்துவிட்டேன்.

ஊரில் பத்து மணிப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் மேசை இழுப்பறையில் அட்டைகளைக் கட்டாக வைத்திருக்கிறார். மேலே மாதா படம், கீழே பெயர், எதை விடுகிறாய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, குருவின் கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து.

"எவ்வளவு நாள்?"

"மூணு மாசம், ஃபாதர்."

"எத விடுற?"

"எல்லாத்தையும்னு எழுதுங்க. எங்க குடும்பத்த உங்களுக்குத் தெரியும்ல?"

சிரித்துக்கொண்டே எழுதினார். பிப்ரவரி 23 முதல் மே 23 வரை.

சாட்சிக்குத் தலீலாவைக் கூப்பிட்டேன். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். அந்த மதுக்கடைத் தடியன் ஞாபகம் வந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"முடிஞ்ச வேலைக்குத்தான் நான் கையெழுத்து போடுவேன்."

சாட்சிக் கோடு காலியாகவே இருக்கிறது. அம்மா அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோள மாவில் அவித்த தமாலே இரண்டு கூடுதலாக வைத்தாள். இரண்டையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

பிப்ரவரி 24. நாள் 2

பேருந்தில்தான் உறைத்தது. விழா மே பதினேழு. சத்தியம் மே இருபத்து மூன்று வரை! கோப்பையைத் திரும்ப வாங்கத்தான் இவ்வளவும். வாங்கினாலும் குடிக்க முடியாது. "மூணு மாசத்துக்கு ஒரு வாரம் கம்மி" என்று சொல்லியிருக்கலாம். "பதினாறாம் தேதி வரை" என்று சொல்லியிருக்கலாம். பாலத்துக்குக் கணக்குப் போடுகிறவன் நான். அந்தப் பாலத்தில் யாரும் போகாமல் இருப்பது நல்லது.

மார்ச் 2. நாள் 8

தாதேயோ என் முன்னால் குடிப்பதில்லை. குளியலறைக்குள் போய்க் குடிக்கிறான். அரைமணி நேரம் கழித்து, "வயிறு சரியில்ல மச்சான்" என்று சிரித்த முகத்தோடு வருகிறான்.

மார்ச் 14, வெள்ளி. நாள் 20

இன்று நூலகத்தில் காவலாளி என் மேசைக்கு வந்து என் அடையாள அட்டையை மட்டும் கேட்டார். மற்ற மேசைகளில் வரிசையாகப் பொன்னிறத் தலைகள், அவர்களுக்கெல்லாம் நெற்றியிலேயே அட்டை ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது.

முன்பெல்லாம் இது சாயங்காலம் ஆறு மணிக்குள் கரைந்துவிடும். இப்போது கரையவில்லை. என்னோடு சாப்பிட வருகிறது, கூடவே குளிக்க வருகிறது. இதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன்? பியரில் போட்டு வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. ஒன்றும் மறையவில்லை, ஊறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஐந்து மணிக்குக் கடைக்குப் போனேன். மறைக்க மாட்டேன், வாங்கத்தான் போனேன். பியர் அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்றேன். கடைப் பையன் திருடன் என்று நினைத்து என் பின்னாலேயே நின்றான். நான் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். கையை நீட்டினால் அவன் கழுத்தை நீட்டினான். அவ்வளவு பக்கத்தில் ஒருவன் நின்றால் சத்தியத்தை எப்படி உடைப்பது? ஒரு பாக்கெட் சோள வறுவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாதா யாரை எங்கே நிறுத்துவாள் என்று யாருக்குத் தெரியும். வழியெல்லாம் சிரித்தேன், அறைக்கு வந்து அழுதேன். இரண்டையும் குடிக்காமல் செய்தேன்.

மார்ச் 21. நாள் 27

படிவம். முதல் கட்டம்: 3. இரண்டாவது: 0. இரண்டும் நிஜம். உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி. நாள் 41

திங்கட்கிழமை வகுப்பில் பாலத்தைப் பற்றிய இறுதி விளக்கம். முதல் பக்கத்தில் இன்னும் "கள உதவி" என்றுதான் இருந்தது.

"டெரெக், இத மாத்து. பாரக் கணக்கு நான்தான் போட்டேன்."

"அட, இதுவா? பிப்ரவரியிலயே காட்டினேனே. அப்ப ஒண்ணும் சொல்லலையே."

"இப்ப சொல்றேன்."

சரி என்று மாற்றினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாற்பத்தொரு நாளாக ஊறாமல் இருந்தது வெளியே வந்துவிட்டது. மதுக்கடை வாசல், தொப்பி, விலங்கு, எல்லாம் சொன்னேன். குரல் உடைந்தது. கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சொன்னான்:

"ஆனா நீயும் சிரிச்சியே, எலிசெயோ. உனக்குப் பிடிச்சிருக்குன்னுல நான் நெனச்சேன்."

"குடிச்சிருந்தேன்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

காது வரை சிவந்துவிட்டான். அவன் தோலில் எல்லாம் உடனே தெரிந்துவிடுகிறது, பாவம். என் கண் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அவனுக்கு வரவில்லை. போகும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் என் பொருள்களை எடுத்து வைக்க ஐந்து நிமிடம் ஆனது, ஐந்து நிமிடமும் அப்படியே நின்றான்.

"நீயும் சிரிச்சியே." குடித்திருந்தேன் என்பது பாதி பதில். மதுக்கடை வாசலில் நான் இன்னும் குடிக்கவே இல்லையே?

ஏப்ரல் 11, வெள்ளி

ஸியோமாராவிடம் இன்னொரு தாள் கேட்டேன்.

"எதுக்கு?"

"இடம் பத்தல."

"எந்தக் கட்டத்துக்கு?"

"முதல் கட்டத்துக்கு."

கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். மேசைக்குக் கீழே குனிந்து ஒரு கட்டு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். "பொறுமையா எழுது. நான் வாசல்ல இருக்கேன்" என்று எழுந்து போய்விட்டாள். நாலு பக்கம் எழுதினேன். உறையில் திணிக்க வேண்டியிருந்தது.

வாங்கும்போது எடை பார்த்தாள். "இப்பதான்பா உன் மூஞ்சி மாதிரி இருக்கு."

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

ஊர். ஃபீலோ மாமாவின் தவக்காலச் சத்தியம் நேற்றோடு முடிந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது ஐஸ் பெட்டி ஏற்கெனவே காரில் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வாழ்த்துரையை ஒத்திகை பார்த்தார். தலீலா பிறந்த நாளில் ஆரம்பித்தார். அன்று பெய்த மழைக்குப் போனார். அந்த மழையில் தான் வழுக்கி விழுந்ததற்குப் போனார். அங்கிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து தன் சிறுநீரகக் கல். இருபத்திரண்டு நிமிடம். கல் வெளியே வந்த இடத்தில் அவருக்கே கண்ணீர் வந்துவிட்டது. அப்பா கைதட்டினார்.

தலீலா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"கோப்பை உனக்கு. மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. கல்லு எறங்குற கதைய கேட்டுட்டு யாருக்கும் கேக் எறங்காது, அதான்."

"நான் சத்தியத்துல இருக்கேன். இருபத்து மூணு வரைக்கும்."

"தெரியும். தெனமும் ஃபிரிட்ஜத் தெறக்கிறேன்ல?"

அம்மாவுக்குத்தான் கவலை. வாழ்த்துச் சொல்கிறவன் குடிக்காமல் கோப்பையை வைத்தால் பெண்ணுக்கு ஆகாது என்பாள். விருந்தாளிகளும் பேசுவார்களாம். மாமாவிடம் அதற்கும் வழி இருந்தது: "ஃபாதர்கிட்ட ஒரு நாள் லீவு கேளுடா. தருவாரு. நானே மூணு தடவ வாங்கியிருக்கேன்."

மே 5

தெருவெல்லாம் மறுபடியும் வைக்கோல் தொப்பி. இன்று நம் பண்டிகையாம், எங்கள் வீட்டில் யாரும் கொண்டாடி நான் பார்த்ததில்லை. நானும் தாதேயோவும் அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டே நூடுல்ஸ் தின்றோம்.

"மச்சான், நமக்கு இன்னிக்கு என்ன பண்டிகைன்னு கீழ போய்க் கேட்டுட்டு வரட்டா?"

மே 11, ஞாயிறு

லீவு வாங்கிவிட்டேன். சாமியார் ஒரு சின்னத் தாளில் "மே 17, ஒரு கோப்பை" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அம்மா நிம்மதியாகிவிட்டாள். தலீலா அதைப் படித்தாள். மடித்து என் பையிலேயே திணித்துவிட்டுப் போனாள்.

மே 18, ஞாயிறு

நேற்று விழா. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் மாமா மாதிரி கல்லில் போய் முடிப்பேன்.

நான்கு மணிக்குக் கோப்பைப் பெட்டிகளோடு மண்டபத்துக்குப் போனேன். புது கோட்டு, கழுத்தில் டை. வாசலில் மண்டபத்து மேலாளர் அம்மாள் என்னைத் தடுத்தாள். "பரிமாறுறவங்க எல்லாம் பின்வாசல் வழியா." நான் பெண்ணின் அண்ணன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுக்கும் பெட்டிய அந்தப் பக்கமாவே கொண்டு போயிடு" என்றாள்.

என் தங்கை விழாவுக்கு, நான் வாங்கின கோப்பையோட, நான் பின்வாசல் வழியா போகணுமாம்! முன்வாசல் வழியாகத்தான் போனேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் மூன்று மணி நேரம் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. தலீலா அப்பாவோடு ஆடினாள், அப்பா அவள் காலை இரண்டு தடவை மிதித்தார், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எதுவும் முழுதாகக் கேட்கவில்லை.

பிறகு என் முறை. என் கோப்பையில் ஷாம்பெயின் ஊற்றினார்கள். சட்டைப் பையில் லீவுத் தாள். சட்டம் சரி, சாமியார் சரி, அம்மா சரி. கையில் எடுத்ததும் அந்த வாசனை — உடம்பு முழுக்க அதைத் தெரிந்துகொண்டது. அப்போதுதான் புரிந்தது. இதை நான் தலீலாவுக்காகக் குடிக்கப் போவதில்லை. வாசலில் நிற்கிற அந்த மேலாளர் அம்மாளுக்காகக் குடிக்கப் போகிறேன்.

பதினைந்து வயதுக்காரிக்கு ஷாம்பெயின் கிடையாது. தலீலா பக்கத்தில் அவளுக்கென்று நுரைக்கிற ஆப்பிள் சாறு ஒரு பாட்டில், மூடியில் கரடி படம். என் கோப்பையை மேசையில் வைத்தேன். காலிக் கோப்பை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எனக்கும் ஊத்து."

"தாள்தான் இருக்கே?"

"ஊத்து தலீலா."

ஊற்றினாள். மேசை விரிப்பில் பாதி போனது.

எழுதி வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "எனக்கு யார் முன்னாடியும் பொய்யா சிரிக்க வரும். நல்லாப் பழகியிருக்கேன். என் தங்கச்சிக்கு அது வராது. அவ கோவமா இருந்தா கோவம், சிரிச்சா சிரிப்பு. அவ இப்படியே இருக்கணும்னு இந்தக் கோப்பைய தூக்குறேன். நானும் அவள மாதிரி ஆகணும்னு தூக்குறேன்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலீலா மேக்கப் கலையாமல் இருக்க மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கலைந்துவிட்டது. அம்மா கரடி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் கோப்பையையும் தலீலாவிடம் நீட்டினாள்.

மாமாதான் கடைசி வரை ஆறவில்லை. "வாங்கின லீவ வீணாக்கிட்டியேடா! எனக்காவது எழுதிக் குடுத்திருக்கலாம்ல?"

மே 19

மாவட்டச் சாலை அலுவலகத்தில் கோடைப் பயிற்சி ஆரம்பம். ஆகஸ்ட் வரை வீட்டிலிருந்தே போகலாம். முதல் நாளே காலில் கொப்புளம்.

மே 23, வெள்ளி

ஓடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரை அளந்துகொண்டிருந்தேன். கான்கிரீட் லாரிக்காரன் இறங்கி வந்து, "இஞ்சினியர் எங்க? நீ இந்தக் குழாயப் பிடி" என்றான். இஞ்சினியர் மதியம் வருவார், அதுவரை நான்தான் என்றேன். நம்பாமல் சிரித்தான். எப்போதும் நானும் கூடச் சிரிக்கிற இடம் இது. சிரிக்கவில்லை. ரசீதில் கையெழுத்து போட்டு நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

கோபம் வந்தது. நிறைய வந்தது. மதியம் இஞ்சினியரிடம் சொன்னேன், அவர் லாரிக்காரனின் கம்பெனிக்கு போன் போட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அம்மா லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். பன்றிக்கறி சூப் மூன்று கிண்ணம் குடித்தேன். நாளை சனிக்கிழமை, நன்றாகத் தூங்கலாம்.

மே 24, சனி

எழுந்து வந்தபோது தலீலா சமையலறை மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது.

"அட்டைய எங்க காணோம்?"

"நேத்தோட முடிஞ்சு போச்சு. ராத்திரி சாப்பிடும்போது நீயே சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன். லாரிக்காரனப் பத்தியே பேசிட்டு இருந்த."

சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன். ஆமாம், நேற்று இருபத்து மூன்று. "எனக்கு ஞாபகமே இல்லடி" என்றேன்.

"தெரியும். அதான் போடுறேன்."

சாட்சிக் கோட்டில் முழுப் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தாள். கோடு போதாமல் கடைசி எழுத்துகள் மாதாவின் காலடி வரை போயின. ஊதி மையைக் காய வைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்குப் பூசை எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

"பத்து" என்றாள். "இந்தத் தடவ தேதிய நான் பாத்துச் சொல்றேன்."